இடியைப் பறிகொடுத்த ஜான் டென்னிஸ்

1709 பிப்ரவரியில் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் ‘ஏப்பியஸ் அண்ட் வர்ஜினியா’ என்றொரு துன்பியல் நாடகம் மேடையேறியது. ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதிவைத்த பழைய கதை அது. அதிகாரத்தில் இருக்கும் ஏப்பியஸ், வர்ஜினியா என்ற இளம்பெண்ணை அடைவதற்காக, அவள் அடிமை வீட்டில் பிறந்தவள் என்று பொய்வழக்கு ஜோடிக்கிறான். தீர்ப்பும் அவன் கையில். மகளைக் காப்பாற்ற வேறு வழி தெரியாத தந்தை நடுச்சந்தையில் அவளைக் குத்திக் கொன்றுவிடுகிறான். அழுத்தமான கதைதான், ஆனால் நாடகம் நான்கு இரவுகளைத் தாண்டவில்லை. எழுதியவர் ஜான் டென்னிஸ்.

அந்த நாடகத்தை இன்று தேடிப் படிப்பவர் அரிது. ஆனால் அதற்காக டென்னிஸ் ஏற்பாடு செய்த இடியோசை மூன்று நூற்றாண்டுகளாக ஆங்கிலத்தில் உருண்டுகொண்டிருக்கிறது. ‘ஸ்டீலிங் தண்டர்’, அதாவது ஒருவருடைய இடியைத் திருடுவது என்ற மரபுத்தொடர் அந்த நாடகத்திலிருந்து பிறந்தது என்பார்கள். ஒருவர் பாடுபட்டு உருவாக்கியதை இன்னொருவர் எடுத்தாண்டு பேர் வாங்கிக்கொள்வது முதல் பொருள். ஒருவர் அறிவிக்கக் காத்திருக்கும் செய்தியை முந்திக்கொண்டு சொல்லியோ, அதைவிடப் பெரிதாக ஒன்றைச் செய்தோ, அவர்மீது விழவேண்டிய கவனத்தைத் தன்பக்கம் திருப்பிக்கொள்வது இரண்டாம் பொருள். இரண்டிலும் மிஞ்சுவது நடக்கிறது. மிஞ்சப்பட்டவரின் சொந்த உழைப்பே மிஞ்சுவதற்குக் கருவியாகிறது. வெறும் போட்டியிலிருந்து இதைப் பிரிப்பது அந்த ஒன்றுதான்.

பரவலாகச் சொல்லப்படும் கதை இப்படிப் போகிறது. தன் நாடகத்துக்காக டென்னிஸ் புதுவகை இடியோசை ஒன்றைக் கண்டுபிடித்தார். நாடகம் படுத்துவிட்டது; அரங்க நிர்வாகம் அதை நிறுத்திவிட்டது. சில நாள் கழித்து அதே அரங்கில் ‘மேக்பெத்’ பார்க்கப் போனார். சூனியக்காரிகள் வரும் காட்சியில் தான் உருவாக்கிய அதே இடி முழங்கியது. டென்னிஸ் எழுந்து நின்று, என் நாடகத்தை ஓடவிடமாட்டார்களாம், என் இடியை மட்டும் திருடிக்கொள்வார்களாம் என்று கத்தினார்.

கதை கச்சிதமாக இருக்கிறது. கச்சிதமாக இருப்பதாலேயே அதன் ஆதாரங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கிடைக்கும் மிகப் பழைய தடயம், நாடகம் நின்ற ஐந்தாவது மாதத்தைச் சேர்ந்தது. 1709 ஜூன் மாதம் அரசவை அதிகாரியின் ஆணையால் ட்ரூரி லேன் அரங்கு மூடப்பட்டது. அடுத்த மாதம் ‘டாட்லர்’ இதழில் ஜோசப் அடிசன் ஒரு கிண்டல் பட்டியல் வெளியிட்டார். மூடிய அரங்கின் தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வருவதாகப் பாவித்து எழுதியது. போத்தல்களில் அடைத்த மின்னல், காகிதப் பனிமழை என்று நீளும் அப்பட்டியலில், இடி உண்டாக்கும் கடுகுக் கிண்ணம் ஒன்றும் வருகிறது. அதை அடுத்து, டென்னிஸின் யோசனைப்படி செய்த, அதைவிடப் பெரிய கிண்ணம் ஒன்று, அதிகம் பயன்படாதது என்ற குறிப்போடு இடம்பெறுகிறது. பெயரின் நடு எழுத்துகளை விழுங்கிவிட்டுக் கோடு போட்டிருந்தார்கள். லண்டனில் யாருக்கும் ஆள் யாரென்று புரியாமல் போயிருக்காது.

இந்த ஒரு வரி பெரிய சான்று. டென்னிஸின் நாடகத்தில் இடிக்கென்று தனி ஏற்பாடு இருந்தது, அது ஊரறிந்த விஷயமாக இருந்தது என்பதை இது உறுதிப்படுத்துகிறது. ஆனால் திருட்டு என்ற பேச்சே இதில் இல்லை. அதிகம் பயன்படாதது என்றுதான் அடிசன் சொல்கிறார். வேறு நாடகத்துக்கு அதை அரங்கம் எடுத்தாண்டிருந்தால் இந்தக் கிண்டல் பொருந்தியிருக்காது.

அடுத்த சான்று இருபது ஆண்டு கழித்து வருகிறது, அதுவும் டென்னிஸின் பரம எதிரியிடமிருந்து. அலெக்சாண்டர் போப் தன் ‘டன்சியட்’ என்ற அங்கதக் காவியத்தை 1728இல் வெளியிட்டார். மறு ஆண்டு அடிக்குறிப்புகளோடு விரிவாகப் பதிப்பித்தார். அதன் இரண்டாம் பகுதியில் மடமைத் தேவதையின் முன்னே இரைச்சல் போட்டி ஒன்று நடக்கிறது. அங்கே கடுகுக் கிண்ணத்திலிருந்து எழும் இடியைப் பற்றி ஒரு வரி. அதன் அடிக்குறிப்பில் போப் மூன்று விஷயங்கள் சொல்கிறார். முன்னாளில் கடுகு அரைப்பதும் மேடை இடி உண்டாக்குவதும் ஒரே முறையில்தான் நடந்தன. இப்போது தடுப்புகள் வைத்த மரத் தொட்டிகளால் அதை இன்னும் நன்றாகச் செய்கிறார்கள். இந்த மேம்பாட்டைக் கண்டுபிடித்தவர் டென்னிஸ்தானா என்று தெரியாது. இவ்வளவும் சொல்லிவிட்டு, புது ஆசிரியர் ஒருவரின் துன்பியல் நாடகத்தில் இடி கேட்டபோது டென்னிஸ் கொதித்தெழுந்து, அது என் இடி என்று கத்தியது மட்டும் நிச்சயம் என்று முடிக்கிறார்.

இந்தக் குறிப்பில் மேக்பெத் இல்லை. திருட்டு என்ற சொல்லும் இல்லை. அடிசன் பெரிய கிண்ணம் என்றார், போப் மரத் தொட்டி என்கிறார். கருவியிலேயே இருவரும் ஒத்துப்போகவில்லை. புது ஆசிரியரின் நாடகம் ஷேக்ஸ்பியரின் நாடகமானதும், என் நாடகம் ஓடவில்லை என் இடி ஓடுகிறது என்ற எதிர்நிலை வாக்கியம் ஒட்டிக்கொண்டதும் டென்னிஸ் இறந்தபின் வெளிவந்த வாழ்க்கைக் குறிப்புகளிலும் துணுக்குத் தொகுப்புகளிலும்தான். அவற்றில்கூட அவர் சொன்னதாகக் கொடுக்கும் வாக்கியம் நூலுக்கு நூல் மாறுகிறது. சொல்லச்சொல்லக் கதை மெருகேறியிருக்கிறது. மெருகேற்றியவர்களுக்கு அவர்மீது அன்பு இருந்ததாகத் தெரியவில்லை.

மேடை இடியின் செய்முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால், கண்டுபிடிப்பு என்ற உரிமைக்கோரலும் ஆட்டம் காண்கிறது. கடுகு அரைக்கும் மரக் கிண்ணம் குழிவானது. அதில் கடுகைப் போட்டு கனமான குண்டொன்றை வட்டமாக உருட்டுவார்கள். வெறுங்கிண்ணத்தில் உருட்டினால் தொலைவில் இடி புரளுவதுபோன்ற ஓசை வரும். சிறிய கொட்டகைக்கு அது போதும். நிறைந்த அரங்கில் கடைசி வரிசைவரை நெஞ்சதிர வேண்டுமென்றால் இன்னும் கனமான ஏற்பாடு தேவை. 1616இல் அச்சான ஒரு நாடக முன்னுரையிலேயே, குண்டை உருட்டி இடி என்று காட்டும் வழக்கத்தை பென் ஜான்சன் இடித்துரைக்கிறார். இத்தாலியில் நிக்கோலா சப்பத்தீனி 1638இல் வெளியிட்ட மேடைப்பொறி நூலில் இன்னும் தெளிவான செய்முறை கிடைக்கிறது. பலகைகளால் வாய்க்கால்போல ஒன்றை அமைத்து, நடுவே படிகள் வைத்து, கனத்த குண்டுகளை உருட்டிவிட வேண்டும். சமதளத்தில் உருளும்போது உறுமல், படியில் விழும்போது வெடிப்பு. இயற்கை இடிக்கும் அந்த இரண்டு குரல்தானே உண்டு!

போப் சொன்ன தடுப்பு வைத்த மரத் தொட்டியும் சப்பத்தீனியின் படி வைத்த வாய்க்காலும் அடிப்படையில் ஒன்றே. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1766இல் கட்டிய தியேட்டர் ராயல் அரங்கின் கூரைக்குள் அப்படியொரு மர ஓடை இன்றும் இருக்கிறது. பார்வையாளர் தலைக்கு மேலே குண்டு உருண்டோடும்படி அமைத்தது. ஆகவே டென்னிஸ் உலகில் முதன்முதலாக ஒன்றைப் படைத்தார் என்பது நிற்காது. இருந்த முறையைப் பெரிதாக்கியிருக்கலாம், வெளிநாட்டில் கண்டதை லண்டனுக்குக் கொண்டுவந்திருக்கலாம். 1688இல் அவர் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலி போனவர் என்பதையும் இங்கே நினைவில் வைக்கலாம்.

அந்தப் பயணத்திலிருந்துதான் டென்னிஸின் உண்மையான கதை தொடங்குகிறது என்பது என் கருத்து. துணுக்குக்காரர்கள் முற்றிலும் விட்டுவிட்ட பகுதி இது.

லண்டனில் குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளியின் மகன் டென்னிஸ். ஹாரோ பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தார். சக மாணவர் ஒருவரை வாளால் காயப்படுத்தியதற்காக ஒரு கல்லூரி அவரை வெளியேற்றியது. இன்னொன்றில் சேர்ந்து பட்டம் பெற்றார். முன்கோபம் அப்போதே இருந்திருக்கிறது. ஆல்ப்ஸ் மலையின் விளிம்பில் நடந்தபோது ஒருபக்கம் பாதாளம், மறுபக்கம் செங்குத்துப் பாறை. உயிர் நழுவிவிடும் என்ற பயமும் அதையும் மீறிய பரவசமும் ஒருசேரத் தன்னைப் பற்றிக்கொண்டதை டூரின் நகரிலிருந்து எழுதிய கடிதத்தில் விவரித்தார். 1693இல் அது அச்சானது. மலைகளை வழிமறிக்கும் இடைஞ்சலாக மட்டுமே படித்தவர்கள் பார்த்துவந்த காலம் அது. அச்சம் தரும் ஒன்று எப்படி இன்பமும் தரமுடியும் என்ற கேள்வி அவரை அதன்பின் விடவில்லை.

1704இல் அவர் வெளியிட்ட ‘கவிதைத் திறனாய்வின் அடிப்படைகள்’ என்ற நூல் அந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது. உணர்ச்சிகளை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். கண்முன் இருக்கும் பொருள் நேரடியாக எழுப்புவது ஒருவகை. அந்தப் பொருளை மனத்தில் நிறுத்தி ஆழ்ந்து எண்ணும்போது எழுவது இன்னொருவகை. உயர்ந்த கவிதை பிறப்பது இரண்டாவதிலிருந்துதான் என்கிறார். இதை விளக்க அவர் எடுத்துக்கொள்ளும் உதாரணங்களில் ஒன்று, இடி. சாதாரணப் பேச்சில் இடி என்றால் கருமேகமும் பெருஞ்சத்தமும் மட்டுமே. அது நம்மைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. தனித்திருந்து எண்ணிப் பார்க்கும்போதோ, எதிர்க்கவே முடியாத, இயற்கையின் மிகப் பயங்கரமான ஆற்றலாக அது நம் முன் எழுந்து நிற்கிறது என்பது அவர் வாதம். கவிதையில் பேரச்சம் எழுப்பக்கூடியவற்றை அதே நூலில் அடுக்கும்போதும் புயல், கொந்தளிக்கும் கடல், நிலநடுக்கம், எரிமலை ஆகியவற்றோடு இடியையும் சேர்க்கிறார்.

இதை எழுதி ஐந்தே ஆண்டில் அவர் மேடையில் இடி முழங்க வைத்தார். இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் இடிக் கதையைச் சொல்வது பாதிக் கதையைச் சொல்வதாகும். கடுகுக் கிண்ணத்தின் உருட்டல், அவர் சொன்ன அந்தச் சாதாரணப் பேச்சின் இடி. பார்வையாளரை உலுக்கி எண்ண வைக்கும் இடி அவருக்குத் தேவைப்பட்டது. பெரிய கருவி கேட்டவர் வெறும் மேடை வித்தைக்காரர் இல்லை. தன் கொள்கையை அரங்கில் சோதித்துப் பார்த்த திறனாய்வாளர். கத்தியது உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், ஒரு தந்திர ஓசை போனதற்காக மட்டும் அவர் கத்தியிருக்கமாட்டார்.

பிறகு ஏன் அவர் சிரிப்புக்கிடமான கிழவராகவே நினைக்கப்படுகிறார்? போப்போடு நடந்த சண்டைதான் காரணம். 1711இல் இருபத்திரண்டு வயது போப் ‘எஸ்ஸே ஆன் கிரிட்டிசிசம்’ என்ற செய்யுள் நூலை வெளியிட்டார். அதில் ஏப்பியஸ் என்ற பெயரில் ஒருவர் வருகிறார். எதைச் சொன்னாலும் முகம் சிவந்து, பழைய சித்திரத் திரைச்சீலையில் உள்ள கொடுங்கோலனைப்போல முறைப்பவர். இரண்டாண்டு முன்பு விழுந்த நாடகத்தின் பெயரையே பட்டப்பெயராக்கியது தாக்கு. ஐம்பதைக் கடந்த டென்னிஸ் அதே ஆண்டு பதிலடி கொடுத்தார். அதில் போப்பின் கூன் உடலை மிகக் கேவலமாக இழித்துப் பேசினார். அதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. சிறுவயது நோயால் உடல் வளைந்த ஓர் இளைஞரை அப்படிச் சொன்னதன் விலையை அவர் வாழ்நாள் முழுக்கக் கொடுத்தார்.

1713இல் டென்னிஸ் பைத்தியம் பிடித்துக் கிடப்பதாக ஒரு கற்பனை மருத்துவ அறிக்கையைப் போப் வெளியிட்டார். 1717இல் போப்பும் அவர் நண்பர்கள் ஜான் கேயும் அர்பத்நாட்டும் சேர்ந்து எழுதிய நகைச்சுவை நாடகத்தில், டென்னிஸுக்குப் பிடித்த ‘டிரெமெண்டஸ்’ என்ற சொல்லையே பெயராகச் சூட்டிய திறனாய்வாளர் பாத்திரம் ஒன்று மேடையேறியது. பிறகு ‘டன்சியட்’. இருபது ஆண்டு விடாமல் அடித்தவர் அந்தத் தலைமுறையின் ஆகச்சிறந்த கவிஞர். அவர் எழுதியது நிலைத்தது. அடிபட்டவரின் பதில்கள் துண்டுப் பிரசுரங்களாகவே போயின. இடிக் கதையின் மிகப் பழைய அச்சு வடிவம் அந்த ‘டன்சியட்’ அடிக்குறிப்பில்தான் இருக்கிறது என்பதை இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும்.

கடைசி நாட்களில் டென்னிஸுக்குப் பார்வை மங்கி, வறுமையும் சேர்ந்தது. அவருக்கு உதவ 1733 டிசம்பரில் ஹேமார்க்கெட் அரங்கில் ஒரு நாடகம் நடத்தி வசூலைக் கொடுத்தார்கள். அதற்கு முன்னுரைச் செய்யுள் எழுதிக் கொடுத்தவர் போப். உதவிக்குள்ளும் குத்தல் வைத்துத்தான் எழுதினார். 1734 ஜனவரி 6ஆம் நாள் டென்னிஸ் காலமானார்.

சட்டமும் அவருக்குக் கைகொடுத்திருக்காது. ஆசிரியருக்கு உரிமை தந்த முதல் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டம் 1710 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவும் அச்சிடும் உரிமையை மட்டும், பதினான்கு ஆண்டுகளுக்குக் காத்தது. அச்சான நாடகத்தை ஆசிரியரைக் கேட்காமல் மேடையேற்றத் தடை வந்தது 1833இல். அன்றைய வழக்கப்படி நாடகாசிரியருக்குக் கிடைத்தது மூன்றாம் இரவு வசூல். ஓட்டம் நீண்டால் ஆறாம் இரவு. நான்கு நாளில் நின்ற நாடகத்துக்கு ஒரே ஓர் இரவு. நாடகத்துக்கே இந்த நிலைமை என்றால், அதற்கென்று செய்த ஓசைக்கருவிக்கு உரிமை கேட்க எந்த மன்றமும் கிடையாது. கருவி அரங்கத்தின் சாமான். இரவில் எந்த நாடகத்துக்கும் அதை உருட்டலாம்.

மேக்பெத் பற்றியும் ஒரு வார்த்தை. டென்னிஸ் காலத்தில் ட்ரூரி லேனில் நடந்தது ஷேக்ஸ்பியர் எழுதிவைத்த மேக்பெத் இல்லை. வில்லியம் டேவனன்ட் 1660களில் திருத்தியது அது. பாட்டும் நடனமும் கயிற்றில் பறக்கும் சூனியக்காரிகளும் நிறைந்தது. 1744இல் நடிகர் டேவிட் கேரிக் மூலத்துக்குப் பெருமளவு திரும்பும்வரை அதுதான் வழக்கில் இருந்தது. பொறிகளால் கூட்டம் சேர்த்த அந்த நாடகத்தில் நல்ல இடி எங்கிருந்து கிடைத்தாலும் எடுத்துப் போட்டிருப்பார்கள். கதையில் மேக்பெத் வந்து ஒட்டிக்கொண்டதற்கு இந்தப் பொருத்தம்தான் காரணம் என்று கருதுகிறேன்.

மரபுத்தொடர் உருவகமாகப் பரவியது இதற்கெல்லாம் வெகுகாலம் பின்னால், பத்தொன்பதாம் நூற்றாண்டில். குறிப்பாக அரசியல் எழுத்தில். எதிர்க்கட்சி ஆண்டுக்கணக்காகக் கத்திவந்த கோரிக்கையை ஆளுங்கட்சியே நிறைவேற்றிக் கைதட்டு வாங்கும்போது சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான தொடர் இல்லை. அதே நிலைமையை 1845இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் டிஸ்ரேலி வேறு உருவகத்தில் சொன்னார். விக் கட்சியினர் குளித்துக்கொண்டிருந்தபோது பிரதமர் பீல் அவர்களுடைய உடைகளை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார் என்றார். மறு ஆண்டே விக் கட்சியினர் பேசிவந்த தானியச் சட்ட ரத்தைப் பீல் நிறைவேற்றினார். நம் ஊர்த் தேர்தல் அறிக்கைகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தவர்களுக்கு இது விளங்காமல் போகாது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வழக்கறிஞர்கள் இத்தொடரைத் தலைகீழாகத் திருப்பினார்கள். தன் கட்சிக்காரருக்குப் பாதகமான செய்தி ஒன்று இருக்கிறது. எதிர்த்தரப்பு அதைப் பெரிதாக வெடிக்கக் காத்திருக்கிறது. அதற்குமுன் தானே அதை நடுவர்குழுவிடம் சொல்லிவிட்டால் எதிரியின் இடியில் ஓசை இருக்காது. இதற்கும் இடியைத் திருடுதல் என்றே பெயர். கிப்ளிங் வில்லியம்ஸும் இரு சக ஆய்வாளர்களும் 1993இல் போலி வழக்குகளை வைத்துச் சோதித்து, இப்படி முந்திச் சொல்வது பாதிப்பைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். நம்பகத்தன்மை கூடுவது இதன் ஒரு காரணம். ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் தன் பழைய தண்டனையைத் தானே சாட்சிக்கூண்டில் சொல்லிவிட்டால், அந்தத் தகவலை அனுமதித்தது தவறு என்று பிறகு மேல்முறையீடு செய்யமுடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது.

டென்னிஸுக்கு அறிவுலகில் மெல்லத்தான் நியாயம் கிடைத்தது. சாமுவேல் ஜான்சன், அடிசனின் வரலாற்றை எழுதியபோது, அடிசனின் ‘கேட்டோ’ நாடகத்தைப் பற்றி டென்னிஸ் சொன்ன குறைகளைப் பக்கம் பக்கமாக எடுத்துக் கொடுத்தார். அவற்றில் வலுவிருப்பதையும் ஒப்புக்கொண்டார். 1939இலும் 1943இலும் எட்வர்ட் நைல்ஸ் ஹூக்கர் அவருடைய திறனாய்வுகளை இரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தார். 1959இல் மார்ஜரி நிக்கல்சன் மலைகளைப் பற்றிய ஐரோப்பியப் பார்வை எப்படி மாறியது என்று ஆராய்ந்த நூலில் டென்னிஸின் ஆல்ப்ஸ் கடிதத்துக்கு முக்கிய இடம் கொடுத்தார். அச்சமும் பரவசமும் கலந்த பெருமித உணர்வைப் பற்றி எட்மண்ட் பர்க் 1757இல் எழுதிப் புகழ்பெற்றதற்கு அரை நூற்றாண்டு முன்பே அந்தப் பாதையில் நடந்தவர் டென்னிஸ் என்பது இன்று ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்ட விஷயம்.

ஆதாரங்களை வைத்து இவ்வளவு சொல்லலாம். டென்னிஸின் நாடகத்துக்குத் தனி இடி இருந்தது உண்மை. அந்தப் பொறியை அவரே முதன்முதலில் கண்டுபிடித்தார் என்பதற்குச் சான்று இல்லை. அவர் கத்தினார் என்பதற்கு எதிரியின் அடிக்குறிப்பு இருக்கிறது. மேக்பெத் பின்னால் சேர்ந்தது. ஆங்கில வகுப்பில் இந்த மரபுத்தொடரை நடத்தும் ஆசிரியர்களுக்கும் மரபுத்தொடர் அகராதி தொகுப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கடுகுக் கிண்ணத்தோடு அந்த 1704ஆம் ஆண்டு நூலின் பெயரையும் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்.